பூசை மணியும் பச்சை மீனும்

நாயை ஊர்தியாகக் கொண்டு, காவலையே கருணையாகக் கொண்டு, ஊர் உறங்கும் பொழுதிலும் இமை மூடாதிருக்கும் வைரவப் பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். வாய் பேசா உயிர்களுக்கு வலியைக் கொடுத்தவன், அந்த வலியைத் தொட்டுப் படிக்க எங்களுக்குக் கைகளையும் கொடுத்தான். அந்தக் கைகள் இன்று நடுங்குகின்றன. எழுதப்போகும் சொற்களாவது நடுங்காதிருக்க அவனே துணை நிற்கட்டும்.

இன்று மாசி மகம். கிழக்கே கடற்கரையில் இந்நேரம் உற்சவ மூர்த்திகள் வந்து இறங்கியிருப்பார்கள். மாலையும் மஞ்சளும் மிதக்கும் அலையொன்று மணலேறி வந்து, பல்லக்குத் தூக்கிகளின் கால்களை நனைத்துவிட்டுத் திரும்பியிருக்கும். முழங்கால் ஒத்துழைக்காததால் நான் போகவில்லை. சேலையூரில் வீட்டு மாடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறேன். மேற்கே மின்சார ரயிலின் ஊதல். விமானப்படைத் தளத்திலிருந்து எழும்பும் விமானமொன்றின் நீண்ட முனகல். அதன்பின் ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில் கண்களை மூடினால் கடல் வந்துவிடுகிறது. அக்கடலின் ஓரமாக, ஈர மணலில் காலடி பதிய, வெல்ல நிறத்தில் ஒரு நாய் நடந்து வருகிறது. அதன் பெயர் லட்டு. அது பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. ஆயினும் என் நினைவில் அது எப்போதும் கடற்கரையில்தான் நடக்கிறது.

கால்நடை மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களே, உங்களுக்காக எதையாவது எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது, உங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி எது என்று நான் திருப்பிக் கேட்டேன். நாய்க்கு மீன் கொடுக்கலாமா என்பதுதான் என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் காலத்திலும் அதுதான். நான் மீன் தின்று அறியாதவன். சிவபூசை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். எனினும் சென்னையின் இந்தத் தென்புறநகரில் தொழில் செய்த காலமெல்லாம் மீனைப் பற்றி நான் பேசியது, தேவாரத்தைப் பற்றிப் பேசியதைவிடக் குறைவாக இராது.

கேள்விக்கு விடை எளியது. கொடுக்கலாம். முள் நீக்கி, உப்பும் காரமும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல், வேகவைத்து, சோற்றோடோ மற்ற உணவோடோ கலந்து, அளவாகக் கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு அது நல்லுணவே. இறாலையும் தோல் உரித்து வேகவைத்துத் தரலாம். கருவாட்டைத் தின்றுவிட்டுத் தாகத்தால் சுருண்டு விழுந்த நாயைப் படப்பையிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். மீன் தலையோடு தூண்டில் முள்ளையும் விழுங்கிய நாயைக் குரோம்பேட்டையில் பார்த்திருக்கிறேன். கரையில் ஒதுங்கிய நச்சுப் பேத்தை மீனைக் கவ்விய நாயைக் காப்பாற்ற முடியாமல் நின்றிருக்கிறேன். ஊதி உருண்டு கிடக்கும் அந்த மீனிடம் மட்டும் எந்த நாயையும் அண்ட விடாதீர்கள். இவையெல்லாம் உங்கள் பாடநூல்களில் இருக்கும். நான் சொல்ல விழைவது, விடை தெரிந்திருந்தும் கேள்வியைக் கேட்கத் தெரியாவிட்டால் ஓர் உயிர் போய்விடும் என்பதைப் பற்றி.

தொழிலில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த மருத்துவரிடம் பணியாற்றினேன். அவர் கிறித்தவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேட்டி கசங்காமல் நேரே மீன் அங்காடிக்குப் போகிறவர். என் நெற்றியிலிருந்த திருநீற்றுப் பட்டையை முதல்நாளே உற்றுப் பார்த்தார். “தம்பி, பட்டை ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதைப் பாத்தா எவனும் நாய்க்கு எலும்பு போட்டேன்னு சொல்லமாட்டான். சாம்பார் சாதம்னு சொல்லுவான். அதுக்கும் சேத்து நீங்க வைத்தியம் பாக்கணும்” என்றார். அழித்துவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. சிரித்துவிட்டு அடுத்த நாயைக் கூப்பிட்டார். வேடிக்கைப் பேச்சு என்று எண்ணி நானும் சிரித்தேன். அது வேடிக்கையன்று என்பது, நரை முழுவதும் ஏறிய பிறகு, ஒரு தை மாத மாலையில்தான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

விளக்கேற்றும் நேரம். சிட்லபாக்கத்திலிருந்து ஒரு கார் வந்து என் மருத்துவமனை வாசலில் நின்றது. ஓட்டி வந்தவர் பிரகாஷ் என்னும் இளைஞர். கணினி அலுவலகமொன்றில் பணி. பின்னிருக்கையில் அவருடைய பக்கத்து வீட்டுத் தம்பதியர். கணவர் சபாபதி, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி விசாலாட்சி. இருவர் மடியிலுமாகப் படுக்கை விரிப்பில் சுற்றப்பட்டுக் கிடந்தது லட்டு. சபாபதியின் நெற்றியிலும் மூன்று வரித் திருநீறு, என்னுடையதைவிடப் பட்டையாகவே. ஏரியை ஒட்டிய தெருவில் அவர்கள் வீடு. காலையில் மணி ஒலிக்க, தூபம் மணக்கப் பூசை நடக்கும் வீடு என்று பிரகாஷ் பின்னர் சொன்னார்.

கையுறை அணிந்து கொண்டு லட்டுவைத் தரையில் நிற்க வைத்தேன். அலைபாயும் தோணியில் நிற்பதுபோல் நான்கு கால்களையும் அகல விரித்துக்கொண்டு நின்றது. தலை கீழ்நோக்கித் தொங்கிற்று. விழிப்பாவைகள் விரிந்து, எதையும் பார்க்காமல் எங்கோ பார்த்தன. வாயோரத்தில் எச்சில் நூலாக வழிந்தது. ஓரடி வைத்தது, சுழன்றது, விழுந்தது. விழுந்த இடத்தில் கால்கள் துடித்து உதைத்துப் பின் அடங்கின. விசாலாட்சி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டேன். முன்பு போட்டதாகவும், இம்முறை தவணை தவறிவிட்டதாகவும் சபாபதி தாழ்ந்த குரலில் சொன்னார். அறையின் காற்றே மாறிவிட்டது. பிரகாஷ் ஓரடி பின்வாங்கினார்.

“சார், அவங்களால சொல்ல முடியல, நான் சொல்றேன். இது வெறிதான். காலைல என் பொண்ணு கையை இது நக்கியிருக்கு. தெரு பூரா குழந்தைங்க. முடிச்சுடுங்க சார். அங்கிள் கையெழுத்துப் போடுவாரு.”

அவரைக் கொடியவராக எண்ணாதீர்கள். லட்டு குட்டியாக இருந்தபோது காரில் வைத்துத் தடுப்பூசிக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். மகளுக்காக அஞ்சும் தந்தையின் அச்சத்தைவிட நேர்மையானது உலகில் அதிகமில்லை. அவர் கேட்டது தவறான கோரிக்கையும் அன்று. கண்முன் இருந்த அறிகுறிகள் அனைத்தும் அவர் பக்கமே பேசின. ஊசியை எடுத்து நான் அந்த நாயை உறங்க வைத்திருந்தால், எவரும் என்னைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அன்றிரவு நானும் நிம்மதியாக உறங்கியிருப்பேன். அந்த எளிமைதான் எனக்கு அச்சத்தைத் தந்தது.

அப்போது என் மூக்கு ஒன்றைச் சொல்லிற்று. மீன் உண்பவர்களுக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும். எனக்கு அது தெருமுனையிலேயே தெரியும். குனிந்து கழுத்துப் பட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தோலோரத்தில், சிறுமியர் நெற்றியிலிடும் வெள்ளிப் பொட்டைப் போல், ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“லட்டு என்ன சாப்பிடுது?” என்று கேட்டேன்.

“தயிர்சாதம் சார். நெய் விட்ட பருப்புசாதம். பால் கொஞ்சம்” என்றார் விசாலாட்சி அம்மாள், கேள்வி முடியும் முன்பே. அவர் கண்கள் என் முகத்தில் இல்லை, நெற்றியில் இருந்தன. பிறகு பக்கத்தில் நின்ற கணவரின் நெற்றிக்குச் சென்று, அங்கிருந்து தரைக்கு இறங்கின. சபாபதி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தவரின் சொல் அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது. நான் இட்டிருந்த நீறு, நான் காக்க வேண்டிய உயிருக்கும் எனக்கும் நடுவே ஒரு திரையாகத் தொங்கிற்று. நம் அடியார்கள் இறைவன் முன் தம்மை நாயினும் கீழானவர் என்று பாடிப் பாடி உருகினார்கள். அப்பாட்டுகளை ஓதி வளர்ந்த ஒருவர், ஓதி வளர்ந்த இன்னொருவரிடம், நாய் தின்றது இன்னதென்று சொல்லக் கூசி நிற்கிறார். நாயோ எதையும் மறைக்கவில்லை. அதன் கழுத்திலேயே விடை ஒட்டிக்கொண்டிருந்தது.

நண்பர்களே, அந்தச் சில கணங்களில் நான் எண்ணிப் பார்த்தவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். செதிலை எடுத்து நீட்டி, இது என்ன என்று கேட்டிருக்கலாம். ஏரிக்கரையில் எதையாவது தின்றிருக்கும் என்று அவர் சொல்லியிருப்பார். அந்தப் பொய்யை அவர் பிறகு விடவும் முடியாது. கணவரை வெளியே அனுப்பிவிட்டு மனைவியிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். வெளியே அனுப்புவதே ஒரு குற்றச்சாட்டு. உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்பதும் அப்படியே. அது முன்பு சொன்னதைப் பொய்யாக்கிவிடுகிறது. எனக்கு வேண்டியிருந்தது வெட்கத்துக்கு இடமே இல்லாத ஒரு கேள்வி. நான் நிமிரவில்லை. நாயின் காதுக்குப் பின்னால் தடவியபடியே, பால் பசும்பாலா பாக்கெட் பாலா என்று கேட்கும் குரலில் கேட்டேன்.

“மீனைப் பச்சையாப் போடறீங்களா, வேகவச்சுப் போடறீங்களா?”

விசிறி சுழன்றது. தூரத்தில் ஒரு ரயில் வந்து, நின்று, புறப்பட்டது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. கனவில் காலம் நீளுமே, அப்படி நீண்டது. விடை வந்தபோது நான் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை.

“பச்சையாத்தான் போடறா” என்றார் சபாபதி.

விசாலாட்சி அம்மாள் திரும்பிக் கணவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத இயலாது. “உங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

“மணியை ஏன் அவ்வளவு நேரம் ஆட்டறேன்னு ஒரு நாளாவது கேட்டியா நீ?”

பிறகு மெல்ல மெல்லக் கதை வந்தது. ஐப்பசி மழையில் லட்டுவுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. காய்ச்சல் போனபின் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. விலா எலும்பு தெரியத் தொடங்கிற்று. ஒரு காலை, ஏரியோரச் சந்தில் மீன்காரப் பெண் தேசம்மா போகையில், கொல்லைக் கதவருகே கிடந்த லட்டுவுக்கு இரண்டு மத்தி மீன்களை வீசியிருக்கிறார். லட்டு எழுந்து வாலை ஆட்டிற்று. அன்றிலிருந்து கணவர் பூசையில் அமரும் நேரம் பார்த்துக் கொல்லைக் கதவு திறக்கும். மத்தி, நெத்திலி, எது மலிவோ அது. ஒரு வாழையிலையில், பச்சையாகவே. அதைத் தவிர வேறெதையும் லட்டு தொடவில்லை.

“வேகவைக்க எப்படி சார் முடியும்? சாமி இருக்கற வீடு. என் அடுப்புல, என் பாத்திரத்துல எப்படி?” என்றார் அந்த அம்மாள். “பச்சையாப் போட்டா வீட்டுக்குள்ள வரவே வராது. அதுலயாவது சுத்தமா இருக்கலாம்னு...”

பூசையறையில் அமர்ந்திருந்தவருக்கோ, “அம்மாவ்” என்று சந்திலிருந்து தாழ்ந்து வரும் குரலும், கொல்லைத் தாழ்ப்பாள் நழுவும் ஓசையும், இலை விரியும் சலசலப்பும் தெளிவாகக் கேட்டிருக்கின்றன. கேட்டுவிட்டதாகக் காட்டினால் மனைவி நிறுத்திவிடுவார். நிறுத்தினால் நாய் பட்டினி கிடக்கும். ஆகையால் மனைவி கதவைச் சாத்தி, கையைக் கழுவி, இலையை எறிந்துவிட்டு வரும்வரையில் அவர் தீபாராதனை மணியை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மனைவியோ, அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மணி ஒலிக்கும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க ஓடியிருக்கிறார். ஒரு வீட்டின் முன்னறையிலும் பின்கட்டிலுமாக, ஒரே அன்பு இரண்டு திசையிலிருந்தும் ஒளிந்து விளையாடியிருக்கிறது.

எனக்கு வேண்டிய சொல் கிடைத்துவிட்டது. சில மீன்களில், பச்சையாக இருக்கும்போது, பி-1 உயிர்ச்சத்தைச் சிதைக்கும் பொருள் ஒன்று உண்டு. வெந்தால் அது அழிந்துவிடும். எப்போதாவது பச்சை மீன் தின்னும் நாய்க்கு இதனால் இந்தத் துன்பம் வருவதில்லை. வேறு உணவே இல்லாமல் வாரக்கணக்கில் அதையே தின்னும் நாய்க்கு நரம்பும் மூளையும் தளர்ந்து போகும். தள்ளாடும், வலிப்பு வரும், பார்ப்பவர் வெறிநோய் என்றே எண்ணுவர். மீன் அடுப்பேறக் கூடாது என்ற அந்த வீட்டின் தூய்மைதான் நஞ்சை நஞ்சாகவே வைத்திருந்தது. மீன் உண்ணும் வீடாக இருந்தால் ஒரு சட்டியில் கொதித்து, எல்லாம் சரியாகப் போயிருக்கும்.

ஆனால் கவனியுங்கள்: எனக்குக் கிடைத்தது ஒரு வழிதான், உறுதியன்று. மீன் தின்ற நாய்க்கும் வெறிநோய் வரலாம். இந்த இடத்தில்தான் இளைஞர்கள் தம் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சியில் தடுமாறுவார்கள். பிரகாஷைத் தனியே அழைத்துச் சென்று, என் ஊகம் சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் குழந்தைக்கும் இந்த இருவருக்கும் இப்போதே தடுப்பூசி தொடங்க வேண்டும், அதில் பேச்சே இல்லை என்றேன். நாயைத் தனிக் கூண்டில், எவர் கையும் படாமல் நானே வைத்துக்கொள்கிறேன். பி-1 ஊசி போடுகிறேன். நான் நினைத்தது சரியென்றால் விரைவில் தெரிந்துவிடும். இல்லையென்றால் நீங்கள் கேட்டதை நானே செய்கிறேன் என்றேன்.

அவர் கார்ச் சாவியை எடுத்தார். “குழந்தைக்குப் போட்டுடறோம்ல சார்?” என்றார். போட்டுவிடுகிறோம் என்றேன். “அப்போ உங்க பேர்ல விடறேன்” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு மகளை அழைத்துவரப் போனார். உயிரைக் காக்கும் ஆசையில் இன்னோர் உயிரைப் பணயம் வைக்காதீர்கள். பணயம் எதுவும் இல்லாதபோதுதான் காத்திருக்கும் உரிமை நமக்கு வருகிறது.

ஊசியைப் போட்டேன். அன்றிரவைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. வீட்டில் ஓத அமர்ந்தால், பதிகத்தில் நாய் என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் குரல் தடுக்கி நின்றது.

விடியும் தறுவாயில் மருத்துவமனைக்குப் போனேன். தைப் பனி. தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு வெண்மையான கூட்டுக்குள் இருந்தன. கூண்டின் முன் போய் நின்றேன். லட்டு பக்கவாட்டில் படுத்திருந்தது. அதன் கால்கள் அசைந்துகொண்டிருந்தன.

முந்தைய மாலையில் பார்த்த துடிப்பா? வலிப்பு என்றால் மருந்தை மாற்ற வேண்டும். நேற்று சொன்ன வாக்கை நிறைவேற்றவும் வேண்டும். கை ஊசிப் பெட்டிக்குப் போயிற்று. ஆனால் கண், போகாதே என்றது. அந்த அசைவில் முறுக்கம் இல்லை, விரைப்பு இல்லை. முன்னங்கால்கள் மெல்ல மடங்கி மெல்ல நீண்டன, மணலில் நடப்பதுபோல. உதட்டோரம் சிறிதாகத் துடித்தது. வால் நுனி தரையை ஒருமுறை தட்டிற்று. நான் குனிந்து, எழுப்பவும் மனமின்றி, மிகவும் மெல்லிய குரலில் “லட்டு” என்றேன்.

கால்கள் நின்றன. கண்கள் திறந்தன. எங்கோ பார்க்காமல், என்னைப் பார்த்தன.

அது கனவு கண்டுகொண்டிருந்தது. அவ்வளவுதான். எங்கே நடந்துகொண்டிருந்ததோ எனக்குத் தெரியாது. மீன்கள் புறப்பட்டு வரும் அந்தக் கடலைத் தேடித்தான் போயிருக்கும் என்று அன்று எண்ணிக்கொண்டேன். இன்றுவரை அப்படியே எண்ணிக்கொண்டிருக்கிறேன். மூளை நலிந்து துடிக்கும் உடலையும், மூளை நலம்பெற்றுக் கனவு காணும் உடலையும் பிரித்தறிவதற்கு நான் ஒரு கருவியையும் பயன்படுத்தவில்லை. சற்று நேரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீங்களும் நிற்கப் பழகுங்கள்.

வெயில் ஏறியபோது தேசம்மா வந்தார். கோவளத்துப் பக்கக் குப்பத்திலிருந்து விடியலில் மீனோடு வருகிறவர். அலுமினியக் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. குரலில் சண்டையும் அழுகையும் கலந்திருந்தன.

“இன்னா சார், நான் போட்ட மீன்லதான் நாய் சாவுதுன்றாங்கோ? எங்க குப்பத்துல நாய்ங்கோ பச்சையாத்தான் துன்னுகினு கீது. ஒண்ணும் ஆவலியே. நான் இன்னா விஷமா வெச்சேன்?”

விஷம் வைக்கவில்லை என்றேன். உங்கள் குப்பத்து நாய் மீனும் தின்னும். மீந்த சோறு, குழம்பு, ரொட்டி எல்லாமும் தின்னும். இந்த நாய் உங்கள் மீனைத் தவிர வேறொன்றும் தின்னவில்லை என்று சொன்னேன்.

“அந்த அய்யிரூட்டம்மா வேற எதுவும் போடலியா?”

“அவங்க ஐயர் இல்லைம்மா. போட்டாங்க, அது தின்னல.”

“சைவம்னா எனக்கு எல்லாம் அய்யிருதான் சார்” என்று சொல்லி, அழுகையின் நடுவே சிரித்துவிட்டார். பிறகு அவரே சொன்னார். கூடை இறக்கும் முதல் தெருவில் முதல் மீனை வாயில்லாத உயிருக்குப் போட்ட பிறகே வியாபாரம் தொடங்குவது அவர் வீட்டு வழக்கம். அவருடைய தாயார் காலத்திலிருந்து. “மொத மீனு நம்மளுது இல்ல சார். அது சாமிது. சாமி எங்க வந்து வாங்கிக்கும்? அதான் நாய்க்குப் போடறது.”

வலையில் விழுந்த முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிட்ட பரதவர் குல அடியாரின் வரலாற்றை எத்தனை முறை ஓதி உருகியிருக்கிறேன். அதே முதல் மீன் ஒவ்வொரு காலையும் சிட்லபாக்கத்துச் சந்தில், வைரவரின் ஊர்தி முன் இலையில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. முன்னறையில் மணியும் ஒலித்திருக்கிறது. பூசை ஒன்றுதான், செய்தவர்கள் மூவர். ஒருவருக்கொருவர் சொல்லாமல் செய்ததால் நைவேத்தியம் மட்டும் வேகாமல் போய்விட்டது.

ஊசிகள் தொடர்ந்தன. லட்டு நின்றது; நடந்தது; பிறகு மஞ்சளும் உப்பும் இல்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மீனைக் குழைந்த சோற்றில் பிசைந்து வைத்தபோது, சோற்றையும் சேர்த்தே தின்றது. அந்தச் சோற்றை மருத்துவமனையின் பின்புறத்தில் வேகவைத்துக் கொடுத்தவர் தேசம்மாதான். வெறிநோய்க்கென்று காவலில் வைக்க வேண்டிய நாட்கள் கழியும்வரை விடவில்லை. அதன்பின் பிரகாஷே காரில் ஏற்றிச் சென்றார். அவர் மகள் முன்னிருக்கையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சில மாதங்கள் கழித்து, ஏரிக்கரையில் நடைபழகச் சென்ற ஒரு காலை, அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறமாகக் கடந்தேன். துணி துவைக்கும் கல்லருகே, முருங்கை மரத்தடியில், ஒரு சிறிய அடுப்பு. அதன்மேல் ஒரு சட்டி. அதற்கு முன்னால் சபாபதி, ஈர வேட்டியோடு மணைபோட்டு அமர்ந்து, வெந்த மீனிலிருந்து முள் பொறுக்கிக்கொண்டிருந்தார். சந்தனம் அரைத்துப் பழகிய விரல்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. என்னைக் கண்டு எழ முயன்றார், வேண்டாம் என்றேன்.

“இதை முடிச்சுட்டுத் தலைமுழுகிட்டுத்தான் சார் பூசை” என்றார். “இவளுக்கு முள்ளு சரியாத் தெரியமாட்டேங்குது. கண்ணாடி போட மாட்டேன்றா.”

“போடறேன், போடறேன். நீங்க தலைமுழுகற தண்ணியில ஏரியே வத்திடும்” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

லட்டு அவர் முழங்காலில் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. நான் நடந்து தெருமுனையை அடைந்தபோது அவர் குளித்து முடித்திருக்க வேண்டும். பூசை மணி ஒலித்தது. சிறிது நேரமே ஒலித்தது. தீபம் காட்டுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவுதான். பிறகு நின்றுவிட்டது.

இன்று கடலாடித் திரும்பும் மூர்த்திகளின் ஈரம் உங்கள் மேலும் ஒரு துளி தெறிக்கட்டும். உங்கள் முன் வந்து நிற்பவர் எவரும் கூசாமல் உண்மை சொல்லும் குரல் உங்களுக்கு வாய்க்கட்டும். துடிப்பையும் கனவையும் பிரித்தறியும் கண் வாய்க்கட்டும். இதைப் படித்த நீங்கள் ஒவ்வொருவரும், உங்கள் இல்லமும், உங்கள் வாசலில் காத்துக் கிடக்கும் வாயில்லா உயிர்களும் நோயின்றி, பசியின்றி, அச்சமின்றி நெடுநாள் வாழ அந்த வைரவப் பெருமான் காவல் நிற்பானாக.